அதிரும் மேடையில் நின்றால் எலும்பு வலுக்குமா?



"ஒரு மெஷின் மேல தினமும் பத்து நிமிஷம் சும்மா நின்னா போதுமாம், எலும்பு கெட்டியாயிடுமாம். வாங்கலாமா?" என்ற கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. செல்போனில் விளம்பரம் பார்த்த மகன் வெளிநாட்டிலிருந்து, "அம்மாவுக்கு ஒண்ணு வாங்கி அனுப்பவா?" என்கிறார். டிரஸ்ட் சார்பில் ஒன்று வாங்கிப் பெண்கள் கூடும் இடத்தில் வைத்தால் எல்லோருக்கும் பயன்படுமே என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்த மெஷின் சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கிறது, சில லட்சம் ரூபாய்க்கும் கிடைக்கிறது. குடும்பத்தின் காசானாலும் பொதுப்பணமானாலும் அது அமானிதம். அதைச் செலவிடும் முன் இந்த மெஷின் என்ன செய்யும், என்ன செய்யாது, யாருக்குத் தீங்கு தரும் என்று தெரிந்துகொள்வது அவசியம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

எலும்புப்புரை என்பது என்ன?

எலும்பு ஒருமுறை வளர்ந்ததும் அப்படியே நின்றுவிடும் கல் அல்ல. பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்களும், அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் அதில் வேலை செய்கின்றன. பெண்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், அரிக்கும் செல்கள் அளவுமீறாமல் பார்த்துக்கொள்கிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அதன்பின் கட்டுவதைவிட அரிப்பது கூடுதலாக நடக்கிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் சில பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியில் 20 சதவீதம் வரை குறைந்துவிடக்கூடும்.

எலும்பின் உள்ளே தேன்கூடு போன்ற பின்னல் இருக்கிறது. அந்தப் பின்னல் மெலிந்து, இடைவெளி பெரிதாகிப் போவதைத்தான் எலும்புப்புரை, ஆஸ்டியோபோரோசிஸ் என்கிறோம். இது வலி தராமல் வளரும் நோய். மூட்டு வலி வேறு, எலும்புப்புரை வேறு. முழங்கால் வலிக்கிறது என்பதால் எலும்புப்புரை இருப்பதாக அர்த்தமில்லை. வலியே இல்லை என்பதால் எலும்பு நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

பல பெண்களுக்கு இது தெரியவருவதே எலும்பு முறிந்த பிறகுதான். பாத்ரூமில் வழுக்கிக் கையூன்றியதும் மணிக்கட்டு முறிகிறது. தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கும்போது முதுகெலும்பு நசுங்குகிறது. நன்னி வரவரக் கூனிப்போகிறார், உயரம் குறைகிறார் என்றால் அதை வயதின் அடையாளம் என்று விட்டுவிடக் கூடாது. இளவயதில் இருந்ததைவிட நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தால் முதுகெலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் கடுமையானது இடுப்பெலும்பு முறிவு. பல நாடுகளின் கணக்குப்படி, இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார். பிழைத்தவர்களிலும் பலர் பழையபடி தனியாக நடமாடும் நிலைக்குத் திரும்புவதில்லை.

வெயில் காயும் ஊரில் வைட்டமின் டி குறைவா?

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2008ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓர் அரைநகர்ப்புறப் பகுதியில் வசிக்கும், 50 வயதைக் கடந்த, நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் 150 பெண்களைப் பரிசோதித்தார்கள். இவர்கள் நோயாளிகளாக மருத்துவமனைக்கு வந்தவர்கள் அல்லர். ஊரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களில் சரிபாதிப் பேருக்கு முதுகெலும்பிலோ இடுப்பிலோ எலும்புப்புரை இருந்தது. பாதிக்கும் சற்றுக் கூடுதலானவர்களுக்கு வைட்டமின் டி போதாமல் இருந்தது.

காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெயில் ஊரில் அடித்தால் போதாது, தோலில் பட வேண்டும். நம் பெண்கள் வெளியே போகும்போது உடலை மறைத்து உடுத்துகிறார்கள், மற்ற நேரம் வீட்டுக்குள் இருக்கிறார்கள். நம் தோலின் கருமையும் வைட்டமின் டி உருவாவதைத் தாமதப்படுத்துகிறது. இதற்காக உடையை மாற்ற வேண்டியதில்லை. மறைவான மொட்டைமாடியிலோ கொல்லைப்புறத்திலோ, காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில், முகமும் முழங்கை வரை கைகளும் வெயில் படும்படி 20 முதல் 30 நிமிடம் இருக்கலாம். கோடையில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் இந்தப் பயன் இல்லை. வயதானவர்களுக்கு வெயில் மட்டும் போதாமலும் போகலாம். அவர்கள் ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன அளவில் மருந்து எடுக்க வேண்டும். வைட்டமின் டி மருந்தைத் தாமாகவே வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுவது ஆபத்து, அளவு மீறினால் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

அதிர்வு மேடையின் கதை

இனி மெஷினுக்கு வருவோம். பார்ப்பதற்கு எடை பார்க்கும் மெஷின் போல இருக்கும். அதன்மேல் ஏறி நின்றால் மேடை மேலும் கீழும் வேகமாக அதிரும். இதை 'முழு உடல் அதிர்வு சிகிச்சை' என்கிறார்கள்.

இதன் பின்னால் உள்ள எண்ணம் வெறும் விளம்பரக் கதை அல்ல. எலும்பு தன்மேல் விழும் சுமையை உணரும். சுமை வந்தால் தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும், சுமை இல்லையென்றால் கரையும். விண்வெளியில் எடையில்லாமல் மிதக்கும் வீரர்களுக்கு இடுப்பெலும்பில் மாதம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை குறைவது இதனால்தான். பெரிய சுமை தூக்க முடியாத வயதானவர்களுக்கு, மிகச் சிறிய அசைவை மிக வேகமாகத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் எலும்பு அதையே சுமையாக எடுத்துக்கொள்ளாதா என்று ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள்.

அமெரிக்காவில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளின்டன் ரூபின் என்ற விஞ்ஞானியின் குழு, வளர்ந்த பெண் செம்மறி ஆடுகளை வைத்து இதைச் சோதித்தது. ஆடுகளின் பின்னங்கால்கள் தினமும் 20 நிமிடம், வாரம் ஐந்து நாள், ஓராண்டுக்கு அதிரும் தளத்தில் நின்றன. தளம் நொடிக்கு 30 முறை அதிர்ந்தது. அதிர்வின் விசை புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது லேசான சிலிர்ப்புப் போலத்தான் தெரியும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, தொடையெலும்பின் மேற்பகுதியில் உள்பின்னலின் அடர்த்தி, அதிர்வு பெறாத ஆடுகளைவிட 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2001இல் இது 'நேச்சர்' இதழில் வெளியானதும் உலகமே திரும்பிப் பார்த்தது. இன்றும் விளம்பரங்களில் வரும் பெரிய பெரிய வாக்குறுதிகளுக்கு வேர் இங்கேதான்.

பெண்களிடம் சோதித்தபோது என்ன ஆனது?

ஆட்டில் கிடைத்த பலன் மனிதரிலும் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதனால் பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மெஷின் கொடுத்தும் மற்றொரு குழுவுக்குக் கொடுக்காமலும் ஒப்பிட்டார்கள்.

2004இல் ரூபின் குழுவே மாதவிடாய் நின்ற 70 பெண்களிடம் ஓராண்டு ஆய்வு நடத்தி வெளியிட்டது. மொத்தக் கணக்கில் இரு குழுவுக்கும் இடையே நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. ஒழுங்காக மேடையில் நின்றவர்களிலும், உடல் எடை குறைந்தவர்களிலும் மட்டும் சிறு பயன் தெரிந்தது. அதே ஆண்டில் பெல்ஜியத்தின் லூவன் நகரில் நடந்த ஆய்வில், பெண்கள் ஆறு மாதம், இதைவிட வலுவான அதிர்வில், மேடைமேல் கால்களுக்கான உடற்பயிற்சியும் செய்தார்கள். அவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி 0.93 சதவீதம் கூடியது. நல்ல செய்திதான், ஆனால் ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

அதன்பின் பெரிய ஆய்வுகள் வந்தன. கனடாவின் டொராண்டோவில் மாதவிடாய் நின்ற 202 பெண்களிடம் ஓராண்டு நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. எல்லோருக்கும் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தார்கள். இரண்டு குழுவினர் தினமும் 20 நிமிடம் மேடையில் நின்றார்கள், ஒரு குழு நிற்கவில்லை. கடைசியில் எலும்பின் அடர்த்தியிலும் அமைப்பிலும் மூன்று குழுவுக்கும் வித்தியாசமே இல்லை. அமெரிக்காவின் பாஸ்டனில் சராசரியாக 82 வயதான 174 முதியோரிடம் இரண்டு ஆண்டு நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. அதிலும் எலும்பு கூடவில்லை.

ஹாங்காங்கில் கிடைத்த முடிவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அங்கே 60 வயதைக் கடந்த 710 பெண்கள் பங்கெடுத்தார்கள். ஒரு பிரிவினர் தினமும் 20 நிமிடம், வாரம் ஐந்து நாள், 18 மாதம் மேடையில் நின்றார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, எலும்பின் அடர்த்தியில் பயன் இல்லை. ஆனால் கால் தசை வலுவும் தடுமாறாமல் நிற்கும் திறனும் கூடியிருந்தன. மேடையில் நிற்காதவர்களில் 28.7 சதவீதம் பேர் விழுந்தோ எலும்பு முறிந்தோ இருந்தார்கள். நின்றவர்களில் அது 18.6 சதவீதம்தான்.

ஆகவே நியாயமாகச் சொன்னால் இப்படிச் சொல்லலாம். மெஷின் சில முதியோருக்குக் காலை உறுதியாக்கி, விழுவதைக் குறைக்க உதவலாம். எலும்புப்புரையைக் குணமாக்கும் என்றோ, மாத்திரைக்குப் பதிலாக இதுவே போதும் என்றோ சொல்ல ஆதாரம் இல்லை. 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஓர் அதிர்வுக் கருவிக்கு அனுமதி கொடுத்ததைச் சில விளம்பரங்கள் எடுத்துக்காட்டக்கூடும். அது இடுப்பில் கட்டும் பெல்ட், நிற்கும் மேடை அல்ல. அனுமதியும் எலும்புப்புரைக்கு முந்தைய நிலையான எலும்பு மெலிவு உள்ள பெண்களுக்குத்தான்.

யார் மேடையில் ஏறவே கூடாது?

முதுகெலும்பு நசுங்கியவர்கள், சமீபத்தில் எலும்பு முறிந்தவர்கள் அல்லது ஆபரேஷன் செய்தவர்கள், மூட்டு மாற்று செய்தவர்கள், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள், சிறுநீரகக் கல் அல்லது பித்தப்பைக் கல் உள்ளவர்கள், வலிப்பு நோயோ கடும் தலைசுற்றலோ உள்ளவர்கள், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் கண்புரை ஆபரேஷன் செய்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் மருத்துவர் அனுமதியில்லாமல் இதில் ஏறக்கூடாது. நம் வீட்டு முதியோரில் எத்தனை பேர் இந்தப் பட்டியலில் வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று: ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்தியது மென்மையான அதிர்வு. எடை குறைப்பதற்கென்று சந்தையில் விற்கும் பல மெஷின்கள் அதைவிடப் பல மடங்கு வலுவாக உலுக்கக்கூடியவை. வருடக்கணக்கில் டிராக்டர் ஓட்டுபவர்களுக்கு முதுகுவலி வருவதை நம் பகுதியில் பார்க்கிறோம். அதிர்வு அளவு மீறினால் அதுவே நோய். மெலிந்த முதுகெலும்பு உள்ள பெண்ணை அதில் ஏற்றுவது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் எதைச் செய்வது?

முதலில் பரிசோதனை. டெக்ஸா ஸ்கேன் என்பது இடுப்பு, முதுகெலும்பு ஆகியவற்றின் அடர்த்தியை அளக்கும். வலி கிடையாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். அறிக்கையில் 'டி ஸ்கோர்' என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 1க்கு மேல் இருந்தால் இயல்பு. மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் இடையில் எலும்பு மெலிவு. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. குதிகாலை மட்டும் அளந்து முகாம்களில் சொல்லும் எண்ணை வைத்து மருந்து தொடங்க வேண்டாம். 65 வயதைக் கடந்தவர்கள், 45 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றவர்கள், கர்ப்பப்பையோடு சினைப்பையும் எடுத்தவர்கள், லேசாக விழுந்ததற்கே எலும்பு முறிந்தவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் இதுபற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அதுவும் எலும்பைத் தின்னும்.

அடுத்தது மருந்து. எலும்புப்புரைக்கு வாரம் ஒருமுறை எடுக்கும் அலென்ட்ரோனேட் மாத்திரையும், ஆண்டுக்கு ஒருமுறை போடும் சொலிட்ரோனிக் அமிலம் என்ற ஊசியும் எலும்பு முறிவைக் குறைப்பதாக உறுதியாக நிரூபிக்கப்பட்டவை. மாத்திரையைக் காலை எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். டீ, பால் கூடாது. அதன்பின் அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமலும் படுக்காமலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். கால்சியம் மாத்திரையை இதோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடலில் ஏறாது. கால்சியத்தை வேறு வேளையில் உணவோடு எடுக்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். பல் பிடுங்கப் போனால் பல் மருத்துவரிடமும் இந்த மருந்து எடுப்பதைச் சொல்ல வேண்டும்.

நோன்பு மாதத்தில் பலர் இந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்த வேண்டியதில்லை. வாரத்தில் ஒருநாள் ஸஹர் உணவுக்கு முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்து, தண்ணீரோடு மாத்திரையை எடுத்துவிட்டு, படுக்காமல் இருந்து, அதன்பின் ஸஹர் செய்யலாம். அது முடியாதவர்கள் ஆண்டு ஊசி தமக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்கலாம். நோன்பு திறந்த பின்னும் ஸஹரிலும் ஒரு டம்ளர் பால் சேர்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது உணவு. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்தன. 200 மில்லி பாலில் ஏறத்தாழ 240 மில்லிகிராம், 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350, 100 கிராம் முருங்கைக்கீரையில் 300க்கும் மேல் இருக்கிறது. சிறுதானியம் எல்லாமே எலும்புக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. நம் மண்ணில் விளையும் குதிரைவாலியும் சோளமும் கம்பும் நல்ல உணவுதான், ஆனால் கால்சியத்தில் கேழ்வரகுக்கு ஈடாகாது. எள்ளில் கால்சியம் நிறைய உண்டு என்றாலும் உடல் அதிலிருந்து எடுத்துக்கொள்வது குறைவு. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி போன்ற சிறுமீன்கள் நல்லவை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்புக் கருவாட்டைக் குறைக்க வேண்டும்.

நான்காவது பயிற்சி. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 வயதைக் கடந்த, எலும்பு மெலிந்த 101 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழு பயிற்சியாளர் மேற்பார்வையில் வாரம் இரண்டு முறை, அரைமணி நேரம், படிப்படியாகக் கனமான எடைகளைத் தூக்கியது. எட்டு மாதத்தில் அவர்களின் முதுகெலும்பு அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1.2 சதவீதம் குறைந்தது. எலும்பு கேட்பது உண்மையான சுமையை. இதை யாரும் துணையில்லாமல் தொடங்கக் கூடாது. ஆனால் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒரு பாதத்துக்கு முன் மறு பாதம் வைத்து நேர்கோட்டில் நிற்பது ஆகிய மூன்றும் வீட்டிலேயே காசில்லாமல் தொடங்கக்கூடியவை. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், 2021 ஆகஸ்டு முதல், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். உங்கள் பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்கள்.

முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்கள் முன்பக்கம் குனிந்து எடை தூக்கக் கூடாது. ருகூஃ, சுஜூது செய்யும்போது முதுகில் வலி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் குனியக் கூடாது என்றால் நாற்காலியில் அமர்ந்து தொழுவதற்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது. முறையை ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம். அதைக் குறையாக நினைத்து முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாவது, விழாமல் இருப்பது. ஒளுச் செய்யும் இடத்திலும் பாத்ரூமிலும் தரை எப்போதும் ஈரமாக இருக்கிறது. ஒரு காலைத் தூக்கிக் கழுவும் நேரத்தில்தான் தடுமாற்றம் வருகிறது. அங்கே ஒரு ஸ்டூலும், சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும், வழுக்காத ரப்பர் விரிப்பும் போதும். ஃபஜ்ருக்கு எழும் பாதையில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். புர்காவின் விளிம்பு தரையைத் தொடாத உயரத்தில் இருக்கட்டும். கண்ணாடியின் பவரையும் தூக்க மாத்திரையையும் ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவரிடம் சரிபார்க்க வேண்டும்.

பொதுப்பணத்தில் வாங்கலாமா?

ஒரு நல்ல அதிர்வு மேடையின் விலையில் ஜமாஅத்தின் எத்தனையோ வீடுகளுக்குக் கைப்பிடிக் கம்பி பொருத்திவிடலாம். ஸ்கேன் செலவுக்கு வழியில்லாத பெண்களை மதுரைக்கு அழைத்துப் போய்வர உதவலாம். வாரம் இருமுறை ஒரு பெண் பிசியோதெரபிஸ்டை வரவழைத்து, மறைவான இடத்தில் நம் பெண்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கச் செய்யலாம். மெஷின் ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் தாங்கும், அதுவும் தினமும் வர முடிந்தவரை மட்டும். கற்றுக்கொண்ட பயிற்சியோ வீட்டுக்குப் போய் மருமகளுக்கும் பேத்திக்கும் பரவும். ஆதாரத்தை வைத்துப் பார்த்தாலும் நீதியை வைத்துப் பார்த்தாலும் பொதுப்பணம் போக வேண்டிய வழி இதுவே.

சொந்தக் காசில் ஏற்கெனவே மெஷின் வாங்கியவர்கள் அதைத் தூக்கியெறிய வேண்டாம். மேலே சொன்ன பட்டியலில் நீங்கள் இல்லையென்று மருத்துவரிடம் உறுதிசெய்துகொண்டு, மிகக் குறைந்த அதிர்வில், முழங்காலைச் சற்று மடித்து, கைப்பிடியைப் பற்றியபடி, பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது நில்லுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து "அம்மாவுக்கு என்ன வாங்கி அனுப்ப?" என்று கேட்கும் பிள்ளைகளிடம், "முதல்ல என்னை ஒரு ஸ்கேனுக்குக் கூட்டிப்போக ஏற்பாடு பண்ணுப்பா" என்று சொல்லுங்கள். நம்மைத் தூக்கி வளர்த்த கைகளும் முதுகும் முறியாமல் காப்பது பிள்ளைகளின் கடமை. அல்லாஹ் நம் தாய்மார்களுக்கு ஆரோக்கியத்தையும் நீண்ட ஆயுளையும் தருவானாக. ஆமீன்.